அத்தைக்குக் கெடச்ச நர்சிங் சீட்டு

வேலூர்ல எந்த டீக்கடையில பத்து நிமிஷம் நின்னாலும் ஒரு வருத்தம் காதுல விழும். "அப்பவே காட்பாடி பக்கம் ரெண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கணும்யா." 1984ல விஐடி ஒரு சின்ன இன்ஜினியரிங் காலேஜா ஆரம்பிச்சப்போ அந்தப் பக்கம் நெலம் என்ன வெலைக்குப் போச்சு, இப்போ என்ன வெலை, யார் வாங்கினாங்க, யார் வேணாம்னு சொல்லிட்டு இப்ப தலையில கை வெச்சிக்கினு இருக்காங்க, எல்லாம் வரும். சத்துவாச்சாரி பத்தியும் இதே கதை தான். இந்த மாதிரி வருத்தத்தை யாரும் மறைக்கிறதில்ல, பத்து பேர் முன்னாடி சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டு வேலைக்குப் போயிடுவாங்க. நெலத்தைப் பத்தின வருத்தம் அவ்ளோ தான்னு எனக்குத் தோணும், அது ஆளை உள்ள போயி அரிக்கிறதில்ல.

அரிக்கிறது வேற. அதை டீக்கடையில சொல்ல மாட்டாங்க, சொந்தக்காரங்க கிட்டயும் சொல்ல மாட்டாங்க, யாரோ முன்னபின்ன தெரியாத ஆள் கிட்ட ராத்திரி சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லுவாங்க. எனக்கு அதைக் கேக்குற இடம் கெடச்சிருக்கு. எங்க அப்பா மிலிட்டரியில இருந்து ரிட்டயர்ட் ஆகி வந்ததும் காந்தி ரோட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய பில்டிங்கை லீஸுக்கு எடுத்து லாட்ஜ் ஆரம்பிச்சாரு, இப்போ கணக்கு வழக்கு எல்லாம் நான் தான் பாத்துக்கிறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற வெளியூர்க்காரங்க தான் எங்க ஆளுங்க. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், திரிபுரா, அசாம், பங்களாதேஷ்னு எங்கெங்கேர்ந்தோ ரயில்ல வந்து காட்பாடியில எறங்கி ஆட்டோ புடிச்சு வர்றாங்க. ரெண்டு நாள்னு சொல்லிட்டு வந்தவங்க ரெண்டு மாசம் தங்குவாங்க, ரூமோட அடுப்பும் பாத்திரமும் குடுத்துடுவோம், அவங்களே சமைச்சுக்குவாங்க, கடுகு எண்ணெய் வாசம் எங்க மாடிப்படி முழுக்க இருக்கும். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வேற வேலை இல்ல, வெயிட் பண்றது தான் வேலை. அந்த நேரத்துல மனுஷங்க பேசுவாங்க பாருங்க, அப்படிப் பேச்சை நான் வேற எங்கயும் கேட்டதில்ல.

அப்படிப் பேசுனவங்கள்ல நான் கேட்ட வரைக்கும், "நான் அதைப் பண்ணிட்டேனே"ன்னு அழுதவங்க கம்மி. "பண்ணவே இல்லையே"ன்னு தான் அதிகம். வாழ்க்கையில தப்பான பிசினஸ் பண்ணி நஷ்டமானவரு கூட அதை ஒரு கதையா சொல்லி சிரிச்சிருக்காரு. ஆனா ஆரம்பிக்காத ஒண்ணைப் பத்திச் சொல்லும்போது குரல் மாறிடுது.

இது என்னோட கற்பனையோன்னு நெனச்சிருக்கேன், அப்புறம் படிச்சப்போ தான் தெரிஞ்சது, இதை ஆராய்ச்சியே பண்ணி வெச்சிருக்காங்க. கார்னெல் பல்கலைக்கழகத்து தாமஸ் கிலோவிச், கூட விக்டோரியா மெட்வெக்னு ஒருத்தங்க, 1995ல ஒரு கட்டுரை போட்டாங்க. அதுல சொல்றது என்னன்னா, சமீபத்துல நடந்ததைக் கேட்டா ஜனங்க தான் செஞ்ச காரியத்துக்காக அதிகமா வருத்தப்படுறாங்க, ஆனா மொத்த வாழ்க்கையையும் திரும்பிப் பாக்கச் சொன்னா செய்யாம விட்டது தான் மேல வருது. ஏன்னு அவங்க சொல்ற காரணம் எனக்கு ரொம்ப சரியா பட்டுது. செஞ்சு கெட்டுப்போன ஒரு விஷயத்துக்கு ஒரு எல்லை இருக்கு, இவ்ளோ பணம் போச்சு, இவ்ளோ அவமானம் ஆச்சு, மன்னிப்பு கேட்டோம், சரி பண்ணோம், ஏதோ கத்துக்கிட்டோம்னு அது ஒரு எடத்துல முடிஞ்சிடும். செய்யாம விட்டதுக்கு எல்லையே கெடையாது, அது எப்படியெல்லாம் ஆகியிருக்கும்னு மனசு வருஷக்கணக்கா புதுசு புதுசா கட்டிக்கினே போகும். இன்னொண்ணு, அப்போ நம்மள தடுத்த பயம் இருக்கே, அது காலம் போகப் போக சின்னதாத் தெரியும். "இதுக்கா பயந்தேன்"னு இப்போ தோணும். ஆனா அன்னிக்கு அது உண்மையான பயம், கையில காசில்ல, வீட்டுல ஆள் இல்ல, கேக்கத் தெரியல. இன்னிக்கு இருக்கிற தைரியத்தை வெச்சு அன்னிக்கு இருந்த நம்மளத் திட்டுறது நியாயமே இல்லன்னு நான் நெனைக்கிறேன்.

அப்புறம் 2018ல அதே கிலோவிச்சும் ஷாய் டேவிடாய்னு ஒருத்தரும் இன்னொரு கேள்வி கேட்டாங்க. நம்ம கடமையைச் செய்யலன்னு வர்ற வருத்தமா, நாம ஆகணும்னு நெனச்ச ஆளா ஆகலன்னு வர்ற வருத்தமா, எது அடிக்கடி வருதுன்னு. 72 சதவீதம் ரெண்டாவது. 28 தான் மொதல்ல சொன்னது. நம்மூர்ல இது இன்னும் மாறலாம், நமக்கெல்லாம் கடமைங்கிறது கொஞ்சம் பெரிய எடம் புடிச்சிக்கிற விஷயம், ஆனா நான் கேட்ட ராத்திரிப் பேச்சுகளை வெச்சுச் சொன்னா இங்கயும் அப்படித்தான் இருக்கும்னு தான் தோணுது. கடமையில விட்டதை அப்புறமாவது ஓடி ஓடிச் செஞ்சிடறாங்க, ஊரும் விடாது, சொந்தமும் கேக்கும். நாம ஆகணும்னு நெனச்ச ஆளைப் பத்தி யாரும் நம்மளக் கேக்குறதில்ல.

இப்போ எங்க அத்தை விஷயத்துக்கு வர்றேன். அப்பாவோட அக்கா.

எங்களுக்குப் பூர்வீகம் கம்மவான்பேட்டை. வேலூர்க்காரங்களுக்குச் சொல்ல வேணாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன், கண்ணமங்கலம் போற பக்கம் இருக்கிற ஊரு, ராணுவப்பேட்டைன்னே அதுக்கு இன்னொரு பேரு. வீட்டுக்கு ஒருத்தராவது மிலிட்டரியில இருப்பாங்க, தாத்தா, மகன், பேரன்னு மூணு தலைமுறையா இருக்கிற வீடுங்க நெறைய. பதினெட்டு வயசுப் பையனை காஷ்மீருக்கோ நாகாலாந்துக்கோ பெட்டி கட்டி அனுப்பறதுக்கு எங்க ஊர்ல யாரும் ரெண்டாவது தடவை யோசிக்க மாட்டாங்க. அப்படிப்பட்ட ஊர்ல தான், எங்க அத்தை எழுபதுகள்ல நல்ல மார்க்கு வாங்கி பாஸ் பண்ணி நர்சிங் ட்ரெய்னிங்குக்கு சீட்டு வந்தப்போ, பஸ்ஸுல ஒரு மணி நேரம் கூட ஆகாத வேலூருக்கு அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஹாஸ்டல்ல தங்கணும், ராத்திரி டூட்டி இருக்கும், அப்புறம் யாரு கட்டிக்குவான்னு கேட்டாங்க. தாத்தா கெட்டவர் இல்ல, அத்தை மேல உயிரையே வெச்சிருந்தவரு, அத்தைக்குக் கீழ கல்யாணத்துக்கு இன்னும் பொண்ணுங்க இருந்தாங்க, அந்த பயம் அவருக்கு. அத்தை அந்த லெட்டரை ரொம்ப வருஷம் பெட்டியில வெச்சிருந்தாங்க.

கல்யாணம் ஆச்சு, புள்ளைங்க ஆச்சு, மாமா தவறிட்டாரு, புள்ளைங்க பெங்களூருக்குப் போயிட்டாங்க. அத்தை எங்க கூட லாட்ஜுக்கு வந்துட்டாங்க. மொதல்ல சும்மா கீழ உக்காந்து பூண்டு உரிச்சிக்கினு இருப்பாங்க. ஒரு நாள் வங்காளப் பக்கத்து அம்மா ஒருத்தங்க, புருஷன் ஆபரேஷன் தியேட்டர்ல, பாஷை தெரியாம மாடிப்படியில உக்காந்து அழுதுக்கினு இருந்தாங்க. அத்தை போயி பக்கத்துல உக்காந்தாங்க. அவங்க கூடவே கெளம்பி ஹாஸ்பிடல் போனாங்க, எந்த கவுண்டர்ல எந்தச் சீட்டைக் காட்டணும், ரத்தம் எங்க எடுக்கிறாங்க, ஸ்கேனுக்கு எப்போ சாப்பிடாம வரணும்னு அத்தையே கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கினாங்க. அப்படி ஆரம்பிச்சது தான். இன்னிக்கு எங்க லாட்ஜுல தங்கறவங்க மட்டும் இல்ல, தெருவுல இருக்கிற மத்த லாட்ஜு ஆளுங்களும் வந்து "மாசிமா இருக்காங்களா"ன்னு கேக்குறாங்க, பெங்காலியில மாசிமான்னா சித்தி, பெரியம்மா மாதிரி. பெங்காலி பேசக் கத்துக்கிட்டாங்க, எழுத்துக் கூட்டி போர்டு படிக்கிறாங்க. மாத்திரையை காலையில எது ராத்திரி எதுன்னு தனித்தனி கவர்ல போட்டு மேல சூரியன் நெலா படம் வரைஞ்சு குடுப்பாங்க, படிக்காதவங்களுக்கும் புரியணும்னு. புண்ணுக்குக் கட்டு எப்படிப் பாத்துக்கணும்னு வார்டுல நர்ஸு சொன்னதை அப்படியே கேட்டு வந்து ரூம்ல அவங்களுக்குத் திரும்பச் சொல்லுவாங்க, சொல்லாத ஒண்ணைத் தானா சேத்துச் சொல்ல மாட்டாங்க, அதுல ரொம்ப கறார்.

நான் இதை ரொம்ப நாளா பாத்துக்கினு இருந்து எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, இந்தப் பதிவே அதைச் சொல்லத்தான். அத்தைக்கு வந்த சீட்டு ஒரு வாய்ப்பு. அது போயிடுச்சு, திரும்ப வராது, வெள்ளை யூனிஃபார்ம், சம்பளம், பென்ஷன், தலை நிமிந்து நடக்கிற மரியாதை, எல்லாம் அதோட போயிடுச்சு, அது உண்மையான நஷ்டம், சின்னதா ஆக்கிச் சொல்ல நான் தயாரா இல்ல. ஆனா அந்த சீட்டுக்கு உள்ள ஒரு ஆசை இருந்துச்சு, ஒடம்பு சரியில்லாத ஒருத்தர் பக்கத்துல நின்னு அவங்களுக்கு உதவியா இருக்கணும்னு. அந்த ஆசை எங்கயும் போகல. நாப்பது வருஷம் கழிச்சு வேற வாசல் வழியா வந்துடுச்சு. நாம வாய்ப்பு போன உடனே ரெண்டையும் ஒண்ணாக் கட்டி பொதைச்சிடறோம், அங்க தான் பிரச்சனைன்னு நெனைக்கிறேன். எது போச்சு, எது இன்னும் இருக்குன்னு உக்காந்து பிரிச்சுப் பாக்குறதே இல்ல.

இந்த ஊர்ல இருந்துக்கிட்டு சிஎம்சியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் பத்தி பேசாம இதை எழுத முடியாது. பேரு எல்லாருக்கும் தெரியும், ரோடே அவங்க பேர்ல இருக்கு, ஆனா நம்ம பசங்க நெறைய பேருக்கு அவங்க மொதல்ல டாக்டர் ஆக விரும்பவே இல்லங்கிறது தெரியாது. 1870ல ராணிப்பேட்டையில பொறந்தவங்க. அப்பா, தாத்தா எல்லாம் மிஷனரி டாக்டருங்க, அந்த வாழ்க்கையே வேணாம்னு அமெரிக்காவுல படிச்சு அங்கயே இருந்துடலாம்னு நெனச்ச பொண்ணு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு கொஞ்ச நாளைக்குன்னு தான் திண்டிவனம் வந்தாங்க. அங்க ஒரே ராத்திரியில மூணு பேர், ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தர், பிரசவத்துல கஷ்டப்படுற மனைவிக்கு உதவி கேட்டு கதவைத் தட்டினாங்க. அப்பா டாக்டர் இருக்காரு, அவரை அனுப்பறேன்னு ஐடா சொன்னா, ஆம்பள டாக்டர் வேணாம்னுட்டாங்க. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிஞ்சப்போ மூணு பொண்ணுங்களும் எறந்துட்டாங்க.

அந்த ராத்திரி அவங்க என்ன செஞ்சிருக்க முடியும்? ஒண்ணும் முடியாது. படிக்காத ஒருத்தங்க போயிருந்தாலும் என்ன பண்ணியிருக்கப் போறாங்க. அதை நெனச்சு நெனச்சு வாழ்நாள் முழுக்க மனசு ஒடைஞ்சு போயிருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது மெடிசின் படிக்க. கார்னெல் மெடிக்கல் காலேஜ்ல 1899ல முடிச்சாங்க, பொண்ணுங்களைச் சேத்துக்கிட்ட மொத பேட்ச்சுல ஒருத்தங்க. 1900ல வேலூர் வந்து ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பிச்சது, 1902ல 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1909ல நர்சிங் ட்ரெய்னிங், 1918ல பொண்ணுங்களுக்கு மெடிக்கல் ஸ்கூல். அந்த மூணு பொண்ணுங்க திரும்ப வரல. ஆனா கதவைத் தட்டுற அடுத்த ஆளுக்கு பதில் சொல்ல ஒரு பொம்பள டாக்டர் இருக்கணும்ங்கிறது அந்த ராத்திரியோட முடியற விஷயமா அவங்களுக்குப் படல.

எனக்கு அவங்க கதையில இதைவிடப் புடிச்சது பின்னாடி வர்றது. முப்பதுகளோட கடைசியில அரசாங்கம் ரூலை மாத்திடுச்சு, பழைய டிப்ளமா படிப்பு இனி இல்ல, எம்பிபிஎஸ் அளவுக்கு காலேஜை ஒசத்தணும், இல்லன்னா மூடணும். அப்போ ஐடாவுக்கு எழுபதைத் தொடுற வயசு, வேலையை விட்டு ஓய்வா இருக்க வேண்டிய காலம். அந்த வயசுல அமெரிக்கா போயி ஊர் ஊரா சுத்திப் பணம் கேட்டாங்க. 1942ல எம்பிபிஎஸ் ஆரம்பிச்சுது, 1947ல ஆம்பளப் பசங்களையும் சேத்தாங்க. 1960ல கொடைக்கானல்ல தான் அவங்க காலமானாங்க. எழுபதுல புதுசா ஒரு வேலையை ஆரம்பிச்சவங்களுக்கும் அதைக் கண்ணால பாத்து அனுபவிக்கிறதுக்கு வருஷங்கள் இருந்துச்சு.

மேரி வர்கீஸ் பத்தியும் சொல்லணும், அவங்களை வேலூருக்கு வெளிய அவ்ளோவா யாருக்கும் தெரியல, எனக்கு அது ஆதங்கம். சிஎம்சியில இளம் டாக்டரா இருந்தப்போ 1954ல ஒரு வண்டி விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ செயல் இல்லாம போயிடுச்சு. அன்னிக்கு இருந்த நெலமையில டாக்டர் வேலை முடிஞ்சதுன்னு தான் யாரும் நெனைப்பாங்க. அப்போ இங்க இருந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால விரல் மடங்கிப்போனவங்களுக்கு கையில ஆபரேஷன் பண்ணி விரலை வேலை செய்ய வெச்சிக்கினு இருந்தாரு. கை ஆபரேஷனை உக்காந்துக்கிட்டே பண்ணலாம் இல்லையா. மேரி சக்கர நாற்காலியில உக்காந்தே அந்த ஆபரேஷன்களைப் பண்ணாங்க. அப்புறம் நியூயார்க் போயி மறுவாழ்வு மருத்துவம் படிச்சு வந்து அந்தத் துறையை இங்க நடத்தினாங்க, 1966ல மறுவாழ்வு மையம் வந்துச்சு, 1972ல பத்மஸ்ரீ. பாகாயம் பக்கம் ரீஹேப்னு நாம சாதாரணமா சொல்லிட்டுப் போறோமே, ஒண்ணாம் நம்பர் ரெண்டாம் நம்பர் பஸ்ஸுல தினம் போறவங்க எத்தனை பேருக்கு அந்த வார்த்தைக்குப் பின்னாடி இருக்கிற அந்தம்மா தெரியும். நிக்கிறதுங்கிறது போயிடுச்சு. வைத்தியம் பண்ணணும்ங்கிறது போகல. நம்ம அத்தை கதையும் இதுவும் ஒரே அளவுன்னு நான் சொல்ல வரல, ரெண்டுலயும் பிரிச்சுப் பாத்தது ஒரே விதமா நடந்திருக்கு.

ஆனா ஒண்ணு, எல்லா ஆசையையும் இப்படித் தூக்கி வெச்சிக்கணும்னு இல்ல. ஃபோனைத் தொறந்தா ஒருத்தர் லடாக்ல பைக் ஓட்டறாரு, இன்னொருத்தர் முப்பது வயசுல ரிட்டயர்ட் ஆயிட்டேங்கிறாரு, பக்கத்து வீட்டுப் பையன் கனடா போயிட்டான். பாக்கப் பாக்க நாம என்னமோ மிஸ் பண்ணிட்ட மாதிரி ஒரு பதட்டம். அதுல பாதி நம்ம ஆசையே இல்ல. எனக்கு ஒரு சோதனை இருக்கு, அதை யாருக்குமே தெரியாம செய்யணும், ஃபோட்டோ கூடாது, சொல்லிக்கக் கூடாதுன்னா அப்பவும் அது வேணுமான்னு கேட்டுப் பாக்குறது. காட்பாடி கிரவுண்டு இந்தச் சோதனையில பாஸ் ஆகும், பணம் பணம் தானே, ஆனா லடாக் எனக்கு ஆகல. யாருக்குத் தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் எங்க அத்தை அந்த மாத்திரைக் கவர்ல நெலா வரைவாங்க.

அடுத்தது டயம். இங்க தான் நாம தலைகீழா இருக்கோம்னு எனக்குத் தோணுது. மாத்திரை அட்டைக்குப் பின்னாடி எக்ஸ்பயரி டேட் போட்டிருக்கிற மாதிரி ஆசைங்க மேலயும் அச்சடிச்சிருந்தா நாம எல்லாத்தையும் வேற வரிசையில செஞ்சிருப்போம். படிப்புக்கு டேட் இல்ல, தேசிய திறந்தநிலைப் பள்ளியில பத்தாவது எழுத உச்ச வயசு வரம்பே கெடையாது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல இருந்து இருக்கு, பாட்டு கத்துக்க, தையல் கத்துக்க, நீச்சல் கத்துக்க டேட் இல்ல. ஆனா அதுக்குத்தான் "வயசாயிடுச்சு, இனிமே எங்க"ன்னு சொல்லுவோம். உண்மையிலயே டேட் இருக்கிறதுங்களை "அப்புறம் பாத்துக்கலாம்"னு விடுவோம். அப்பா அம்மா தெம்பா நடக்கிற காலத்துல அவங்களை அவங்க ஆசைப்பட்ட எடத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு டேட் இருக்கு. புள்ளைங்க நம்ம கூட படுத்துக் கதை கேக்குற வயசுக்கு டேட் இருக்கு. யுபிஎஸ்சி சிவில் சர்வீஸுக்கு பொதுப்பிரிவுல 32, ஓபிசிக்கு 35, எஸ்சி எஸ்டிக்கு 37ன்னு டேட் கறாராவே இருக்கு.

ஜார்க்கண்ட்ல இருந்து வந்த ஒரு பெரியவரு, போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர்ட் ஆனவரு, மனைவிக்கு கீமோ நடந்துக்கினு இருந்துச்சு. கல்யாணம் ஆன புதுசுல அந்தம்மா கடல் பாக்கணும்னு கேட்டாங்களாம். லீவு கெடைக்கும்போது பணம் இல்ல, பணம் இருக்கும்போது புள்ளைங்களுக்குப் பரீட்சை, அப்படியே போச்சுன்னாரு. இனிமே எங்கன்னு அவரே சொல்லிட்டாரு. நான் காட்பாடியில ரயில் ஏறுனா ரெண்டு மணி நேரம் சொச்சத்துல சென்னைன்னு சொன்னப்போ அவருக்கு நம்பிக்கையே வரல, அவர் மனசுல கடல்னா ஒடிசாவுல இருக்கிற பூரி தான், அது ரொம்ப தூரம். டாக்டர் கிட்ட கேட்டாங்க, ரெண்டு கீமோவுக்கு நடுவுல கொஞ்சம் தெம்பா இருக்கிற நாளா பாத்து கூட்டம் இல்லாத நேரத்துல போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டாரு. அத்தையும் கூடப் போனாங்க. மெரினாவுல அந்தம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லயாம், அப்புறம் தண்ணி உப்பா இருக்குதான்னு விரலால தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தாங்களாம். திரும்பி வந்து அந்தப் பெரியவரு எனக்கு ஒரு பாக்கெட் சுண்டல் வாங்கி வந்து குடுத்தாரு.

நோக்கம்னு சொன்னாலே வேலையை விட்டுட்டுப் போயி பெருசா என்னமோ ஆரம்பிக்கணும்னு ஒரு நெனப்பு இருக்கு, அது எனக்குப் புடிக்கறதில்ல. எங்க ஊர்ப் பக்கத்துலயே நாகநதி இருக்கு, ரொம்ப வருஷமா காஞ்சு கெடந்த ஆறு. நூறு நாள் வேலைத் திட்டத்துல வேலைக்குப் போன பொம்பளைங்க தான் நெலத்துக்குள்ள தண்ணி எறங்கறதுக்கு உறை கிணறுங்களைக் கட்டினாங்க, ஆத்துல திரும்பத் தண்ணி வந்துச்சு, நாடு முழுக்க பேசினாங்க. அதே சம்பளம், அதே மண்வெட்டி. வெறும் குழியைத் தோண்டிட்டு வந்திருந்தாலும் கணக்குல கூலி ஏறியிருக்கும். எதுக்காகத் தோண்டறோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, தன் வீட்டுக் கிணத்துல தண்ணி ஏறணும்னு. எனக்குத் தெரிஞ்சு நோக்கம்னா இவ்ளோ தான், இன்னிக்கு நான் செய்யற வேலை யார் வீட்டுக் கிணத்துக்குன்னு தெரியறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில தைக்கிறவங்களுக்கும் இது பொருந்தும், லாட்ஜுல பெட்ஷீட் மாத்துற எங்களுக்கும் பொருந்தும். நோயாளி படுக்கிற பெட்ஷீட்டுன்னு தெரிஞ்சு மாத்துற ஆளும் தெரியாம மாத்துற ஆளும் ஒண்ணு இல்ல, இதை நான் தினமும் பாக்குறேன்.

எங்க தெருவுல ஒரு தம்பி இருக்கான், ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல சீசன் டிக்கெட் எடுத்து தினம் சென்னைக்கு வேலைக்குப் போயி வர்றவன். முப்பத்திமூணு ஆகுது. கலெக்டர் ஆகணும்னு சின்ன வயசுல இருந்து, வீட்டுக் கஷ்டத்துல பரீட்சையே எழுதல, ஓபிசிங்கிறதால இன்னும் கொஞ்சம் டயம் இருக்கு, அதுவும் போயிக்கினு இருக்குன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வராம கெடந்தான். ஒரு நாள் அத்தை கேட்டாங்க, "ஏம்பா, கலெக்டர் ஆயி இன்னா பண்ணணும் உனக்கு?" அவன் டக்குனு சொல்லல. அப்புறம் சொன்னான், அவங்க நைனா ஒரு பட்டா விஷயத்துக்கு ஒரு ஆபீஸுக்கு வருஷக்கணக்கா நடந்தாராம், ஒவ்வொரு தடவையும் நாளைக்கு வான்னு அனுப்புவாங்களாம், அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து வர்றவங்களுக்கு அன்னிக்கே முடிச்சுக் குடுக்கணும்னு. அத்தை சொன்னாங்க, "அதுக்கு கலெக்டர் தான் ஆகணும்னு யாரு சொன்னது? விஏஓ மேஜையும் மேஜை தானே?"

அவன் இப்போ ரெண்டுக்கும் படிக்கிறான், வயசு இருக்கிற வரைக்கும் யுபிஎஸ்சியும் எழுதட்டும், விடச் சொல்லல யாரும், கூடவே விஏஓ வேலைக்கு எழுதற குரூப் ஃபோர் பரீட்சையும். இன்னொரு வேலையும் குடுத்திருக்கேன், ஏதாவது ஒண்ணை வேணாம்னு தள்ளினா அன்னிக்கே தேதி போட்டு காரணத்தை ஒரு நோட்டுல எழுதி வெக்கச் சொல்லியிருக்கேன். பின்னாடி பத்து வருஷம் கழிச்சு "சும்மா விட்டுட்டேனே"ன்னு மனசு சொல்லும்போது, சும்மா விடலடா, இதுக்காக விட்டேன்னு காட்ட ஒரு பேப்பர் இருக்கட்டும். காரணத்தை எழுத உக்காந்தப்பவே ஒண்ணு ரெண்டு காரணம் நிக்கலையாம், எழுதப் பாத்தா எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல, வெறும் சோம்பல், அதனால அதைச் செஞ்சிட்டேன்னு வந்து சொன்னான்.

அத்தை கிட்ட நான் ஒரு தடவை நேராவே கேட்டேன், இப்போ இவ்ளோ பேருக்குப் பண்றீங்களே, அந்த சீட்டு போனது இன்னும் வருத்தமா இருக்கான்னு. "இருக்குது"ன்னாங்க. "இல்லாம எங்க போவும்? அனுப்பியிருந்தா நான் நல்லா வந்திருப்பேன்." அவ்ளோ தான் சொன்னாங்க. எனக்கு அந்தப் பதில் புடிச்சிருந்துச்சு, எல்லாம் நல்லதுக்குத்தான்னு சொல்லி அந்த பதினெட்டு வயசுப் பொண்ணை அவங்க ஏமாத்தல. அந்த வாரமே பேத்தி பெங்களூர்ல இருந்து ஃபோன் பண்ணி வெளியூர் ஹாஸ்டல்ல சேரணும், அப்பா யோசிக்கிறாருன்னு சொன்னப்போ, அத்தை மகனைக் கூப்பிட்டுப் பேசுன பேச்சை நாங்க எல்லாரும் மாடியில இருந்து கேட்டோம். பேத்தி சேந்துட்டா.

அந்தத் தம்பிக்கு லாட்ஜு மேல்மாடியில சாமான் போட்டு வெச்சிருந்த ரூமைக் காலி பண்ணி மேஜையும் லைட்டும் போட்டுக் குடுத்திருக்கோம், வேலை முடிஞ்சு வந்து அங்க தான் படிக்கிறான், அத்தை பழைய கொஸ்டின் பேப்பரை வெச்சிக்கிட்டு கேள்வி கேக்குறாங்க. அவன் கூட இன்னும் ரெண்டு மூணு பேர் வர்றேன்னு கேட்டிருக்காங்க, எடம் இருக்கு. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் யாராவது குரூப் ஃபோர் எழுதி முடிச்சிட்டு புக்ஸைப் பரண்ல போட்டு வெச்சிருந்தா சொல்லுங்க, சமச்சீர் ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் பாடப்புத்தகம் இருந்தாலும் சரி, நானே வந்து வாங்கிக்கிறேன்.